வண்ணக்கர் ஐயாவின் சொந்தக்காரர்

எனக்குப் பொறுமை குறைவு. படிப்பிப்பது என் தொழிலும் அல்ல. காணி வழக்கும் உயிலும் பார்த்து வயிறு வளர்க்கிற சட்டத்தரணி நான். ஆனாலும் மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், சனிக்கிழமை காலையில் வீட்டில் சும்மா இருக்கிற சட்டத்தரணி நான் ஒருத்திதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பால் கம்பனிக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

கம்பனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, மாடு வளர்க்கிறவர்கள் சேர்ந்து தொடங்கியது. காலையில் கறந்த பாலை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்க்குமுன் வெயில் ஏறிவிடும். பாதி நாட்களில் பால் திரைந்துபோகும். திரைந்த பாலைத் திருப்பி அனுப்பினால் கொண்டு வந்தவர் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நான் இரண்டு தடவை பார்த்தேன், போதும். குளிரூட்டும் தொட்டி ஒன்று வாங்கினால் பிரச்சினை தீரும். அதற்குக் கடன் தர கொழும்பிலுள்ள ஒரு வங்கி சம்மதித்திருந்தது, ஆனால் ஒரு நிபந்தனை. கம்பனியின் வெளிப் பணிப்பாளர்கள் மூவருக்கும் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும், கணினி, தரவுப் பாதுகாப்பு என்று இந்தக் காலத்துச் சங்கதிகளும் தெரிந்திருக்க வேண்டும். வங்கியிலிருந்து ஆள் வந்து நேரிலே கேட்பார். அதற்குள் மூவரையும் தயார்படுத்தி வைப்பது என் தலையில் விழுந்தது.

வெளிப் பணிப்பாளர் என்றால், கம்பனியில் சம்பளத்துக்கு வேலை செய்யாமல், சபையில் மட்டும் உட்கார்ந்து, வேலை செய்கிறவர்களைக் கேள்வி கேட்கிறவர். எங்கள் ஊரில் இதற்கு ஆள் தட்டுப்பாடே கிடையாது.

மூவரில் முதலாவது ஆள் மேற்றன் அக்கா. ஆசுப்பத்திரியில் தாதிமாரையும் நோயாளிகளையும் டொக்டர்மாரையும் ஒரே அதட்டலில் அடக்கி ஓய்வு பெற்றவர். இரண்டாவது, தேற்றாத்தீவிலிருந்து வருகிற பழைய வங்கி மனேஜர். ஞாயிறு பூசைக்குப் போகிற அதே இஸ்திரி போட்ட சேர்ட்டில் சனிக்கிழமை வகுப்புக்கும் வருவார். மூன்றாவது, வண்ணக்கர் ஐயா. மண்டூருக்கும் அங்கால் ஒரு ஊர். பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், இப்போது ஊர்க் கோயிலை நிர்வகிக்கிறவர். கோயிலை நிர்வகிப்பவரை எங்கள் பக்கம் வண்ணக்கர் என்போம். அந்தப் பட்டம் வந்த பிறகு அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

முதல் வகுப்பே சண்டையில் தொடங்கியது. அரசாங்கத் தமிழில் இவர்களை ‘நிறைவேற்றுத் தரமற்ற பணிப்பாளர்’ என்பார்கள். நான் அதை அப்படியே பலகையில் எழுதினேன். வண்ணக்கர் ஐயா சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“மகள், அதிபரா இருந்து எத்தின பேரை ஆளாக்கினவன் நான். என்னைத் தரமற்றவன் எண்டு பலகையில எழுதுறதுக்கா பஸ் ஏறி வந்த நான்?”

“சேர், அது சட்டத்தில வாற சொல்லு.”

“அப்ப சட்டத்தைத் திருத்துங்க.”

மேற்றன் அக்கா நடுவில் புகுந்து, “விடுங்க ஐயா, ஆசுப்பத்திரியில என்னை எழுதாத எழுத்தா” என்று அவரை உட்காரவைத்தார். நான் பலகையை அழித்துவிட்டு ‘வெளிப் பணிப்பாளர்’ என்று எழுதினேன். வெளியே நிற்கிறவர் என்று அர்த்தம் வருகிறதே என்று மனேஜர் கேட்டார். தேத்தண்ணி வந்தபடியால் நான் தப்பினேன்.

தரவுப் பாதுகாப்பு வகுப்பு அதைவிட மோசம். ஒருவருடைய சொந்த விவரங்களை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு மணித்தியாலம் தொண்டை கிழியக் கத்தினேன். மூவரும் தலையாட்டினார்கள். தேத்தண்ணி நேரத்தில் மனேஜர் பற்றிஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு, “சந்தியில மாடி வீடு கட்டினவர் இரிக்கிறாரே, அது முழுக்கக் கடன்” என்றார். “அவருக்கு மூலமும் இரிக்கி” என்றார் மேற்றன் அக்கா. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இருவரும் என்னைப் பார்த்து, பிள்ளைக்குத் தலையிடி போல என்று பரிதாபப்பட்டார்கள்.

எனக்கு உதவிக்கு ஒருவர் இருந்தார். கம்பனிக்கான கணினி வேலை முழுவதையும் எடுத்துச் செய்தவர். முன்தலையில் வழுக்கை விழத் தொடங்கியவர், சாந்தமான ஆள். கல்லடியில் புதிதாக ஒரு கடை எடுத்து, இரண்டு பேரை வேலைக்கும் வைத்திருந்தார். எந்த விவசாயி எவ்வளவு பால் தந்தார், யாருக்கு எந்த வங்கியில் கணக்கு, எல்லாம் அவர் செய்த கணினி முறைமைக்குள்தான். வகுப்புக்கு வந்து புரஜெக்டர் பூட்டித் தருவார், ஓரமாக உட்காருவார். வண்ணக்கர் ஐயாவை ‘சேர்’ என்பார். வண்ணக்கர் ஐயா அவரை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடமாட்டார்.

பொய்ச் செய்தி அனுப்பி ஆட்களை ஏமாற்றுவது எப்படி என்று காட்ட நாங்கள் இருவரும் ஒரு திட்டம் போட்டோம். ‘உங்கள் ஓய்வூதியம் அடுத்த மாதம் நிறுத்தப்படலாம். உறுதிப்படுத்த இங்கே அழுத்தவும்’ என்று மூவருக்கும் ஒரு செய்தி. அழுத்தினால், ‘நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள், இது ஒரு பயிற்சி’ என்று வரும். கீழே சந்தேகங்களுக்கு என்று என் தொலைபேசி இலக்கம்.

மூவரும் அழுத்தினார்கள். அது நான் எதிர்பார்த்ததுதான். வண்ணக்கர் ஐயா அதோடு நிற்கவில்லை. ‘அவசரம், அனைவரும் செய்யவும்’ என்று தலைப்புப் போட்டு, கோயில் குழுவுக்கும், வட்டையில் வயல் செய்கிறவர்களின் குழுவுக்கும், ஓய்வுபெற்ற அதிபர்களின் குழுவுக்கும் அனுப்பிவைத்தார். அன்றைக்குப் பகல் முழுக்க என் போன் ஓயவில்லை. ஒரு அம்மா சொன்னதை இன்றைக்கும் மறக்கமுடியாது. “புள்ள, நான் ஏமாந்தித்தன் எண்டு போட்டிரிக்கி. மறுகா எங்க வந்து கையெழுத்து வைக்கணும்?”

“ஏன் சேர் எல்லாருக்கும் அனுப்பினீங்க?” என்று கேட்டேன்.

“நல்ல விசயத்தைத் தனிய வச்சிக்கொண்டு இரிக்கலாமா மகள்?”

இந்த மனிதரில் கள்ளம் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதனால்தான் பிறகு நடந்தது எனக்குப் பெரிய அடியாக இருந்தது.

சொந்த நலன் பற்றிய பாடம் கடைசியில் வந்தது. பணிப்பாளரின் சொந்தக்காரர் யாராவது கம்பனிக்கு எதையாவது விற்றாலோ, கம்பனியிடமிருந்து வேலை எடுத்தாலோ, பணிப்பாளர் அதைச் சபையில் எழுந்து சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு வாக்களிக்காமல் வெளியே போய் நிற்க வேண்டும். வங்கி முக்கியமாகப் பார்ப்பதே இதைத்தான். ஒருவர் மறைத்தது தெரிந்தாலும் கடன் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, ஒத்திகை பார்ப்போம் என்று மூவரையும் ஒவ்வொருவராக எழுப்பினேன்.

வண்ணக்கர் ஐயா கோயில் கூட்டத்தில் நிற்பதுபோல நின்று தொடங்கினார். “என்ட மூத்த அக்காட மகன். கனடாவில இரிக்கான். கம்பனிக்கு ஒண்டும் விக்கல்ல, எண்டாலும் சொல்லி வைக்கிறன். ரெண்டாவது அக்காட மகன், பால் தாறான். தங்கச்சிட மகன், புல்லு விக்கிறான். பெரியம்மாட மகள்ர மகன்...” போய்க்கொண்டே இருந்தது. மனேஜர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்தவர், விரல் முடிந்ததும் விட்டுவிட்டார். மேற்றன் அக்கா கண்ணயர்ந்தார். நானோ சந்தோசத்தில் கைதட்டினேன். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறாரே மனிதர், இப்படியொரு பணிப்பாளர் கொழும்பிலும் கிடையாது என்று வாய் நிறையப் புகழ்ந்தேன். கணினிக்காரர் புரஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தார்.

தேத்தண்ணி நேரத்தில் மேற்றன் அக்கா என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“அந்தக் கம்ப்யூட்டர்க்காரத் தம்பியைச் சொல்லாமல் விட்டித்தாரே, கவனிச்சியா?”

“அவரை ஏன் சொல்லணும்?”

“அது அவர்ர மகன் கா.”

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். கம்பனியின் கணினி வேலை முழுவதும் வண்ணக்கர் ஐயாவின் மகனிடம். அதைக் கொடுக்கலாம் என்று சபையில் கை உயர்த்தியவர்களில் முதல் ஆள் வண்ணக்கர் ஐயா. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தப் பூதத்துக்கு நான் இப்போதுதான் கைதட்டி முடித்திருந்தேன்.

நேரே போனேன். பக்குவமாகக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராது.

“முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைக்கிறீங்களே சேர். அது உங்கட மகனா இல்லையா?”

“ஓம், என்ட மகன்தான்.” கொஞ்சமும் தடுமாற்றமில்லை. “மறைச்சவன் எண்டா பயப்படுவானே. நான் ஏன் பயப்படணும்?”

“அப்ப ஏன் சொல்லல்ல?”

“சொந்தக்காரரைத்தானே சொல்லச் சொன்னீங்க. அவன் தாய்ட குடி.”

வெளியூர் வாசகருக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் மட்டக்களப்பில் குடி என்கிற கிளை தாய்வழியாக வரும். பிள்ளை தாயின் குடி. தகப்பன் தன்னுடைய தாயின் குடி. ஒரே வீட்டில் ஒரே சட்டிக் கறி சாப்பிட்டாலும், கோயில் முற்றத்தில் தகப்பனும் மகனும் வேறு வேறு வரிசை. வண்ணக்கர் பதவி மகனுக்குப் போகாது, அக்கா மகனுக்குப் போகும். திருவிழாவில் ஒவ்வொரு குடியையும் கூப்பிட்டுக் கொடுக்கிற மரியாதைக்குக் காளாஞ்சி என்று பெயர். அதற்கும் அப்படித்தான். எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. எங்களுடையது மெதடிஸ்ட் வீடு, என்றாலும் கலியாணப் பேச்சு வந்தால் எங்களிடமும் குடி கேட்பார்கள். அது கம்பனிச் சட்டத்துக்குள்ளும் வந்து கதிரை போட்டு உட்காரும் என்றுதான் நான் நினைக்கவில்லை.

“கோயில்ல நான் கணக்குச் சொல்லுறன்” என்றார் ஐயா. “எதிர்க் குடிக்காரர் எழும்பிக் கேள்வி கேப்பாங்க. ஒரு வருசம் இவனே எழும்பிக் கேட்டான், தேருக்கு வாங்கின கயித்துக்கு ஏன் இவ்வளவு விலை எண்டு. ஊருக்கு முன்னால நான் பதில் சொன்னன். சொந்தக்காரன் அப்பிடிக் கேப்பானா? நீங்களே சொல்லுங்க.”

“சேர், இந்தச் சட்டம் கொழும்பில எழுதினது. அவங்களுக்குக் குடி கிடி ஒண்டும் தெரியாது. தகப்பன் எண்டா தகப்பன், மகன் எண்டா மகன்.”

“அவங்களுக்குத் தெரியாது எண்டுறதுக்காக நான் சபையில எழும்பிப் பொய் சொல்லணுமா?”

பொய்! சொல்லாமல் விடுவது பொய் என்று நானும், சொல்வதுதான் பொய் என்று அவரும் நின்றோம். நீங்கள் சொல்லாவிட்டால் வங்கிக்காரரிடம் நானே சொல்வேன் என்றேன். “நீங்க சொன்னா அது உங்கட சொல்லு” என்றார். நான் சொன்னால் பணிப்பாளர் மறைத்தார் என்றாகும், தொட்டியும் போய்விடும். அவர் தன் வாயால் சொல்ல வேண்டும், வேறு வழியே கிடையாது.

மகனைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். தகப்பன் சொன்னால், அவர் கை உயர்த்திக் கொடுத்த இவருடைய ஒப்பந்தம் ரத்தாகும். அதை நம்பித்தான் கடையே எடுத்திருக்கிறார். இதையெல்லாம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் பதறவில்லை.

“எனக்குத் தெரியும் மிஸ். நானே போய்ச் சொல்லுவம் எண்டும் யோசிச்சன். ஆனா நான் சொல்லி என்ன? அவர் ஓம் எண்டு சொல்லணுமே.”

“ஏன் சொல்லமாட்டார்?”

சிரித்தார். “பள்ளிக்கூடத்தில அவர் அதிபர். நானும் மத்தப் பிள்ளைகளோட வரிசையில நிண்டு சேர் எண்டுதான் கூப்பிட்ட நான். கோயில்ல எதிர்க் குடி. வீட்டில பாத்தா, அம்மாட வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, ஒரு மூலையில பேப்பர் பாத்துக்கொண்டு இரிப்பார். அப்பா எண்டு கூப்பிட எனக்கு ஒரு இடம் வாய்க்கல்ல. காளாஞ்சி மச்சானுக்கு, கம்ப்யூட்டர் எனக்கு.”

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூட வரும். அந்தக் கிழவரைப் போய் உலுக்க வேண்டும் போல் இருந்தது.

உலுக்கியவர் மேற்றன் அக்கா. கடைசி வகுப்பு முடிந்து எல்லோரும் எழும்புகிற நேரம், கைப்பையை மூடிக்கொண்டே கேட்டார்.

“ஐயா, ஹேர்னியா ஒப்பரேசனுக்கு எங்கட வாட்டுக்கு வந்தீங்களே. ஞாபகமா?”

“ஓம்.”

“சொந்தக்காரர் ஆர் வந்திரிக்கா எண்டு நான் வெளிய வந்து கேட்ட நான். எழும்பினது கம்ப்யூட்டர்க்காரத் தம்பி. கனடாவில இரிந்து ஒருவரும் எழும்பல்ல.”

வண்ணக்கர் ஐயா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் இனிக் கூட்டத்துக்கே வரமாட்டார் என்றார் மனேஜர்.

வந்தார். வங்கியிலிருந்து வந்தவர் ஒரு இளம் பெண். நல்ல தமிழ் பேசினார், சிரிக்கவே மாட்டார். கூட்டத்தை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். பதிவுக் கருவியைக் கொண்டு வந்து மேசை நடுவில் வைத்துவிட்டு, காதில் ஹெட்போனும் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார் மகன். வேறு யார் இருக்கிறார்கள் இந்த வேலை தெரிந்தவர்கள்?

கேள்விகள் எல்லாம் நல்லபடியாகப் போயின. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லமாட்டேன் என்றார் மனேஜர், உதாரணத்துக்குத் தன் கடவுச்சொல்லையும் சொன்னார். மேற்றன் அக்கா, தங்கையின் புருசன் பால் தருகிறார், அவருடைய மாடு நல்ல மாடு, ஆனால் ஆள் சரியில்லை என்று அறிவித்தார். அந்தப் பெண் இரண்டையும் முகம் மாறாமல் குறித்துக்கொண்டார். அடுத்து வண்ணக்கர் ஐயா.

எழுந்து நின்றார். மூத்த அக்கா மகன், இரண்டாவது அக்கா மகன், தங்கச்சி மகன், பெரியம்மாவின் மகளின் மகன். எல்லோரும் ஒழுங்காக வந்தார்கள். வந்து முடிந்தார்கள். அவர் உட்காரவில்லை. தண்ணீர்ப் போத்தலை எடுத்து, குடிக்காமல், திரும்ப வைத்தார்.

“இன்னும் ஒரு ஆள்” என்றார். கை நீட்டிக் காட்டினார். “இந்தா இரிக்கான். இவன் என்ட மகன்.”

நீட்டிய கையை இறக்காமலே தொடர்ந்தார்.

“எங்கட முறைப்படி இவன் வேற குடி. அந்த முறையில எனக்குப் பிழை தெரியல்ல. ஆனா இந்த வேலையை இவனுக்குக் குடுக்கச் சொல்லி முதல்ல கை உயர்த்தினது நான். இவன் கெட்டிக்காரன், அதுக்காகத்தான் எண்டு நினைச்சிக்கொண்டு இரிந்தன். வீட்டில போயிருந்து யோசிச்சன். இவன் என்ட மகன் எண்டதாலயும்தான் கை போயிரிக்கி. அதை மறுகா வேற மாதிரிச் சொன்னா, அதுதான் பொய்.”

இத்தனை சனிக்கிழமைகளாக நான் பலகையில் எழுதி எழுதிப் புரியவைக்க முடியாததை அந்த மனிதர் நின்ற இடத்தில் சொல்லிவிட்டார். எனக்கு எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. வங்கிப் பெண் முதல் தடவையாகப் பேனையைக் கீழே வைத்தார். பிறகு திரும்ப எடுத்து, விதிமுறையைச் சொன்னார். கணினி ஒப்பந்தம் இன்றோடு நிறுத்தப்பட வேண்டும். புதிதாக விலை கேட்டு வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். தானே முன்வந்து சொன்னபடியால் கடனுக்குத் தடை இல்லை. மனேஜர் மேசைக்குக் கீழே என் கையைத் தட்டினார். தொட்டி வரப்போகிறது. ஆனால் என்னால் மகனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை, கடை வாடகையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, குனிந்தபடியே, ஏதோ ஒரு பட்டனைத் திருகினார்.

“சத்தம் காணாது” என்றார். “ஐயா கடைசியாச் சொன்னது பதியல்ல. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க.”

வண்ணக்கர் ஐயா தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூட முற்றத்தில் நின்று பேசுகிற குரலை எடுத்து, தொடக்கத்திலிருந்து சொன்னார். இவன் என்ட மகன். இந்த முறை பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

கூட்ட அறிக்கை எழுதுவதற்காக அன்று பின்னேரம் வீட்டில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். முதல் தடவை சொன்னதே முழுக்கப் பதிந்திருந்தது. ஒரு சொல் கூட விடுபடவில்லை, வெளியே மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போன சத்தம் கூட இருந்தது. அறிக்கையில் நான் ஒரு தடவைதான் எழுதினேன்.